காடும் ஏரியும் நிறைந்த பகுதியில் முதல் கிராவல் சைக்கிள் பயணம்: படிப்படியான செய்முறை

கிராவல் சைக்கிள் என்பது சரளைப் பாதையில் ஓட்டுவதற்கான, அகலமான டயர் கொண்ட சைக்கிள். காட்டுக்குள் போகும் சரளைப் பாதை நெடுகிலும் ஒரே மாதிரி இருக்காது. ஒரு கிலோமீட்டர் இறுகிய மண், அடுத்து காலடியில் உருளும் ஜல்லி, ஏரிக்கரை வந்ததும் மணல், அதைத் தாண்டினால் ஈர வேர்கள். இத்தனையையும் ஒரே ஜோடி டயரில் கடக்க வேண்டும். அதனால் டயரில் எவ்வளவு காற்று வைப்பது, எதிரே வரும் தரையை எப்படிக் கணிப்பது என்ற இரண்டையும்தான் முதலில் கற்க வேண்டும். விலை உயர்ந்த சைக்கிளை விட இவை அதிகம் கைகொடுக்கும். ஒரு பகலில் சுமார் 50 கிலோமீட்டர் போய்வருவதற்கான வழிமுறை இது.

படி 1: டயர்

டயரின் பக்கவாட்டில் 40-622 போன்ற ஓர் எண் இருக்கும். முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது அது பொருந்தும் ரிம்மின் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். காடும் ஏரியும் கலந்த இடத்துக்கு 40 முதல் 45 மி.மீ. அகலம் பொருத்தம். 35 மி.மீ. டயர் இறுகிய மண்ணில் நன்றாக ஓடும், மணலில் புதைந்துவிடும். அகலமான டயர் மாட்டும்போது ஃபிரேமுக்கும் டயருக்கும் நடுவே இரு பக்கமும் 6 மி.மீ. இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் சேறு அடைத்துக்கொண்டு பெயின்டைச் சுரண்டும்.

படி 2: காற்று

புதியவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். சாலையில் ஓட்டிப் பழகியவர் டயரைக் கல் போல இறுக்கிவிடுவார். அப்படி இறுகிய டயர் ஒவ்வொரு கல்லிலும் எகிறும். சைக்கிளை முன்னே தள்ள வேண்டிய சக்தி மேலும் கீழும் குலுங்குவதில் வீணாகும்.

75 கிலோ எடையுள்ளவர், 40 மி.மீ. டயர், உள்ளே ட்யூப் என்றால் முன்சக்கரத்துக்கு 36, பின்சக்கரத்துக்கு 40 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) வைத்துத் தொடங்குங்கள். ட்யூப்லெஸ் என்றால் 29, 32 போதும். 45 மி.மீ. ட்யூப்லெஸ் டயருக்கு 26, 29. உடல் எடை 5 கிலோ கூடினால் 1 பிஎஸ்ஐ கூட்டுங்கள், குறைந்தால் அதேபோல் குறையுங்கள். பையில் சாமான் ஏற்றினாலும் இதே கணக்குத்தான். எடையில் பெரும்பங்கு பின்சக்கரத்தின் மேல் விழுவதால்தான் அதற்குக் காற்று அதிகம். எப்படியானாலும் டயரிலும் ரிம்மிலும் அச்சிட்டிருக்கும் எல்லையை மீற வேண்டாம்.

பிறகு சரளையில் 500 மீட்டர் ஓட்டிப் பாருங்கள். கை மரத்துப்போகிறது, ஏற்றத்தில் பின்சக்கரம் சுழன்று வழுக்குகிறது என்றால் காற்று அதிகம்; 2 பிஎஸ்ஐ இறக்குங்கள். கல்லில் ஏறும்போது ரிம் ‘டங்’ என்று தட்டினாலோ, வளைவில் டயர் பக்கவாட்டில் நெளிந்தாலோ காற்று போதவில்லை. குறைந்த காற்றோடு ட்யூப் வைத்து ஓட்டினால் கல்லுக்கும் ரிம்முக்கும் இடையில் ட்யூப் நசுங்கி, பாம்பு கடித்தது போலப் பக்கம் பக்கமாக இரண்டு ஓட்டைகள் விழும். பஞ்சர் பார்க்கும்போது அப்படி இரட்டை ஓட்டை தெரிந்தால் முள்ளைத் தேட வேண்டாம், காற்றைக் கூட்டினால் போதும்.

ட்யூப்லெஸ் டயருக்குள் சக்கரத்துக்கு 60 முதல் 90 மி.லி. சீலன்ட் (சிறு ஓட்டைகளைத் தானே அடைக்கும் திரவம்) வேண்டும். அது சில மாதங்களில் உலர்ந்துவிடும். வெப்பமான காலத்தில் இன்னும் சீக்கிரம். பயணத்துக்கு முந்தைய நாள் சக்கரத்தைக் காதருகே வைத்துக் குலுக்குங்கள். உள்ளே திரவம் சலசலக்க வேண்டும்.

படி 3: வரைபடம்

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடத்தில் காட்டுப் பாதைகளுக்கு கிரேடு 1 முதல் கிரேடு 5 வரை தரம் குறித்திருப்பார்கள். 1 என்றால் இறுகிய தளம், 5 என்றால் புல்லும் மென்மண்ணும். முதல் பயணத்தை 1 முதல் 3 வரையுள்ள பாதைகளிலேயே அமையுங்கள். இந்தக் குறிப்புகளைப் போடுவோர் தன்னார்வலர்கள் என்பதால், செயற்கைக்கோள் படத்தோடும் ஒருமுறை ஒப்பிடுவது நல்லது.

ஏரிப் பகுதியில் தூரக் கணக்கு ஏமாற்றும். எதிர்க்கரை கண்ணுக்கு எட்டும் தூரத்தில் தெரியும். சுற்றிப் போனால் இருபது கிலோமீட்டர் ஆகலாம். பாதி வழியில் அலுத்துவிட்டால் திரும்ப குறுக்குவழி எது என்று முன்பே குறித்துக்கொள்ளுங்கள்.

வட ஐரோப்பாவின் ஏரி நாடுகளுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. பனியுகத்தில் பனிப்பாளத்துக்கு அடியில் ஓடிய உருகுநீர் மணலையும் சரளையையும் நீண்ட மேடுகளாகக் குவித்துவிட்டுப் போனது. ஃபின்லாந்தின் புங்கஹார்யு அப்படிப்பட்ட மேடுதான். இரு பக்கமும் ஏரி, நடுவில் ஒடுங்கிய நிலம். மழை பெய்தாலும் இத்தகைய மேட்டில் தண்ணீர் நிற்காமல் இறங்கிவிடும். மேடுகளுக்கு நடுவிலுள்ள பள்ளங்களோ நாள் கணக்கில் சதுப்பாகக் கிடக்கும். மழைக்கு மறுநாள் கிளம்புவதானால், உயரக்கோடுகளைப் பார்த்து மேட்டுப் பாதையைத் தேர்ந்தெடுங்கள்.

நேரத்தை மணிக்கு 15 கிலோமீட்டர் என்று கணக்கிடுங்கள். 50 கிலோமீட்டருக்கு மூன்றரை மணி நேரம் ஓட்டம், ஓய்வையும் சேர்த்தால் ஐந்து மணி நேரம்.

படி 4: பையில் என்ன

ட்யூப் இரண்டு, டயர் லீவர், கைப்பம்ப், ட்யூப்லெஸ் ஓட்டையை அடைக்கும் பிளக், செயின் கட்டர் உள்ள மல்ட்டிடூல், அறுந்த செயினை இணைக்க உங்கள் செயினுக்குப் பொருந்தும் க்விக் லிங்க், உங்கள் ஃபிரேமுக்கே உரிய டிரெய்லியர் ஹேங்கர் (கியர் மாற்றும் டிரெய்லியரை ஃபிரேமோடு பிணைக்கும் சிறு உலோகத் துண்டு) ஒன்று. கனமானவை ஃபிரேம் பைக்குள் போகட்டும். ஹேண்டில்பாரில் கனம் சேர்ந்தால் மணலில் முன்சக்கரம் உழும். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் வேகமாகக் காற்றடிக்கும், ஆனால் அந்த வாயு ட்யூபிலிருந்து சீக்கிரம் கசிந்துவிடும், சில சீலன்ட்டுகளைக் கட்டியாக்கவும் செய்யும். எங்கள் பரிந்துரை கைப்பம்ப்தான்.

படி 5: ஓட்டும் முறை

பார்வை 10 முதல் 15 மீட்டர் முன்னால் இருக்கட்டும். முழங்கையைத் தளர்த்தி, ஹேண்டில்பாரைப் பறவைக் குஞ்சைப் பிடிப்பது போலப் பிடியுங்கள். சைக்கிள் கைக்குக் கீழே கொஞ்சம் ஆடத்தான் செய்யும், ஆடட்டும்.

மரம் ஏற்றும் லாரிகளுக்காகப் போட்ட பாதைகளில் வண்டிச் சக்கரம் ஓடிய இரண்டு தடங்கள் இறுகியிருக்கும், நடுவிலும் ஓரத்திலும் தளர்ந்த ஜல்லி சேர்ந்திருக்கும். தடத்திலேயே ஓட்டுங்கள். மாற வேண்டுமானால் ஜல்லி வரிசையைச் சாய்வாக உரசாமல், வேகம் குறைத்து நேராகக் கடக்க வேண்டும். லாரிச் சத்தம் கேட்டால் இறங்கி ஓரமாக நின்றுவிடுங்கள். வளைவில் அதற்கு முழுப் பாதையும் தேவைப்படும்.

பிரேக்கை வளைவுக்கு முன்பே பிடித்து முடித்துவிட வேண்டும். வளைவுக்குள் முன்பிரேக்கை அழுத்தினால் சக்கரம் வழுக்கி நேரே தரையில் விழுவீர்கள். ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்காதீர்கள். பின்சக்கரத்தின் மேல் எடை குறைந்து அது வெறுமனே சுழலும். உட்கார்ந்தபடி, மார்பைத் தாழ்த்தி, எளிதான கியரில் சீராக மிதியுங்கள்.

மணல் தெரிந்ததும் உள்ளே நுழைவதற்கு முன்பே ஒரு கியர் இறுக்கி, எடையைப் பின்னுக்குத் தள்ளி, விடாமல் மிதியுங்கள். நடுவில் ஹேண்டிலைத் திருப்பினால் முன்சக்கரம் புதையும். ஈர வேர்களைச் செங்குத்தாகக் கடக்க வேண்டும். வேரின் மேல் இருக்கும்போது பிரேக்கும் கூடாது, திருப்பமும் கூடாது. சதுப்பின் மேல் போட்ட மரப்பலகைப் பாதை ஈரமாகவோ பாசி படிந்தோ இருந்தால் இறங்கித் தள்ளுங்கள். பலகைகள் நீளவாக்கில் இருந்தால் இடுக்கில் சக்கரம் மாட்டிக்கொள்ளும். அங்கே காய்ந்திருந்தாலும் தள்ளுவதே மேல்.

காட்டுக்கே உரிய ஆபத்து ஒன்று உண்டு: சுள்ளி. பின்பக்கம் ‘டிக் டிக்’ என்று சத்தம் வந்ததும் அந்த நொடியே மிதிப்பதை நிறுத்துங்கள். இன்னும் அரைச் சுற்று மிதித்தால் சுள்ளி டிரெய்லியரை இழுத்துக்கொண்டு ஸ்போக்குக்குள் போய்விடும். இறங்கி, பின்சக்கரத்தைத் தூக்கி, பெடலைப் பின்னோக்கி மெதுவாகச் சுற்றிச் சுள்ளியை உருவுங்கள். பிறகு பின்னால் குனிந்து பாருங்கள்: டிரெய்லியரின் இரண்டு சிறு சக்கரங்களும் பல்சக்கரத்துக்கு நேர்கீழே ஒரே கோட்டில் நிற்க வேண்டும். உள்பக்கம் சாய்ந்திருந்தால் ஹேங்கர் வளைந்திருக்கிறது. அந்த நிலையில் பின்னாலுள்ள மிகப்பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றாதீர்கள். நடு கியரிலேயே மெல்லத் திரும்புங்கள், அல்லது அங்கேயே ஹேங்கரை மாற்றுங்கள்.

படி 6: தண்ணீர், உணவு, உண்ணி

மணிக்கு 500 முதல் 750 மி.லி. தண்ணீர், 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து. பசிக்கும்வரை காத்திருக்காமல் அரை மணிக்கு ஒருமுறை கொஞ்சம் சாப்பிடுங்கள்.

ஏரித் தண்ணீரை அப்படியே குடிக்க வேண்டாம். தெளிவான நீர் என்றால் கொதிநிலைக்கு வந்தபின் ஒரு நிமிடம் கொதிக்கவிடுங்கள். 2000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம். ஆனால் நீர்ப்பரப்பில் பச்சை பெயின்ட் கொட்டியது போல ஏடு படிந்திருந்தால் அது நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். அதன் நஞ்சு கொதிக்கவைத்தாலும் போகாது. அந்தத் தண்ணீரில் முகம்கூடக் கழுவாதீர்கள்.

உயர்ந்த புல்லில் நின்றிருந்தால் மாலையில் முழங்காலின் பின்புறம், இடுப்பு, அக்குள், தலைமுடி எல்லாவற்றிலும் உண்ணி இருக்கிறதா என்று தேடுங்கள். கடித்துக்கொண்டிருந்தால் நுனி கூர்மையான இடுக்கியால் தோலையொட்டிப் பிடித்து, திருகாமல் நேரே மேலே இழுங்கள். எண்ணெய் தடவுவதும் நெருப்பு காட்டுவதும் வேண்டாம். அடுத்த சில வாரங்களில் அந்த இடத்தில் சிவப்பு படர்ந்தாலோ காய்ச்சல் வந்தாலோ மருத்துவரைப் பாருங்கள்.

படி 7: திரும்பிய பின்

குறைந்த அழுத்தத் தண்ணீரில் சேற்றைக் கழுவுங்கள். அதிக அழுத்தத்தில் பீய்ச்சினால் பேரிங்குக்குள் தண்ணீர் ஏறும். செயினைத் துணியால் துடைத்து உலர்த்தி, ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, வெளியே வழிவதைத் துடைத்துவிடுங்கள்; மிச்சம் இருந்தால் அடுத்த முறை மணல் அதில்தான் ஒட்டும். எண்ணெய் பிரேக் டிஸ்க்கில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஈர மணல் பிரேக் பேடை வெகுவேகமாகத் தேய்க்கும். பேடின் கனம் 1 மி.மீ.க்கு வந்திருந்தால் அடுத்த பயணத்துக்கு முன்பே மாற்றிவிடுங்கள்.