ராத்திரி அத்தோ சாப்பிட்டதும் படுக்காதீர்கள்

சென்னை வியாசர்பாடியில் அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ், கூடவே முட்டையைக் கீறி, உள்ளே பொரித்த வெங்காயம் திணித்த மசாலா. தாராளமாகச் சாப்பிடுங்கள், ஆனால் எட்டு மணிக்குள். எண்ணெய் சிறுகுடலுக்கு வந்ததும் கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன் சுரந்து, இரைப்பை காலியாகும் வேகத்தைக் குறைத்துவிடும். இட்லி சீக்கிரம் இறங்குவதும் பொரித்தது நெஞ்சிலேயே நிற்பதும் இதனால்தான். அப்போதே படுத்தால் புளித்த ஏப்பம் நிச்சயம். 3 மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

அப்புறம், நடுவில் கொறிக்காதீர்கள். வெறும் வயிற்றில் மோட்டிலின் என்ற ஹார்மோன், சுமார் 90 நிமிடத்துக்கு ஒருமுறை குடலில் மிச்சம் மீதியைப் பெருக்கித் தள்ள வைக்கிறது. பசியில் கேட்கும் கடமுடா சத்தம் பெரும்பாலும் அதுதான். பிஸ்கட் தின்றால் அந்த வேலை நின்றுவிடும். சர்க்கரைக்கு மாத்திரை போடுபவர்கள் மட்டும் டாக்டர் சொன்ன நேரப்படியே சாப்பிடுங்கள்.