யன்னலைச் சாத்திவிட்டுப் பாடாதீர்கள்: தொற்றுக் காலப் பூசையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வன்னியில் மழையோடு காய்ச்சலும் தொடங்கிவிட்டது. எங்கள் பக்கத்துப் பங்குகளில் கோயில் ஒழுங்குகளை இப்போது இளைஞர்கள் பொறுப்பெடுத்திருக்கிறார்கள். அக்கறையான பிள்ளைகள்தான். ஆனால் 2020இல் நாங்கள் விட்ட அதே பிழைகளை அவர்களும் விடுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. கை கழுவுவது, காய்ச்சல்காரர் வீட்டில் நிற்பது எல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விடுவோம்.

யன்னலைச் சாத்திவிட்டுப் பாடுவது

இன்றைக்கும் எனக்குக் கோபம் வருவது இதில்தான்.

கொரோனா நேரம், கிளிநொச்சிப் பக்கம் ஒரு கோயில். கார்த்திகை மழை. வாசலில் தண்ணீர் வாளி, சவர்க்காரம். வாங்கில் ஒரு மீட்டருக்கு ஒருவர் என்று நாடா பிடித்து அளந்து அடையாளம் ஒட்டியிருந்தார்கள். எல்லாம் சரி. ஆனால் சாரல் அடிக்கிறது என்று இரண்டு பக்க யன்னலையும் சாத்தியாயிற்று. பாடகர் குழு முகக்கவசத்தை நாடிக்குக் கீழே இழுத்துவிட்டு முழுக்குரலில் பாடியது. அவர்களுக்கு வேர்க்குமென்று பின்னால் ஒரு ஸ்டாண்ட் ஃபேன். அந்தக் காற்று நேரே போய் விழுந்தது முன்வாங்கில் இருந்த அம்மம்மாமார் மேல்.

அடுத்த கிழமை அந்த வாங்குகளில் பலர் இருமலோடு படுத்துவிட்டார்கள். "ஒரு மீட்டர் விட்டனாங்கள்தானே அண்ணை?" என்று பொறுப்பாயிருந்த தம்பி கேட்டான்.

ஒரு மீட்டர் இடைவெளி கனமான எச்சில் துளிக்குத்தான் உதவும். பாடும்போது வரும் நுண்துளிகள் கீழே விழாமல் காற்றிலேயே மிதக்கும். 2020 ஜூலையில் சிட்னியில் ஒரு தேவாலயத்தில், தொற்றிய ஓர் இளைஞர் நான்கு வழிபாடுகளில் பாடினார். காற்றோட்டம் குறைவு. 12 பேருக்குத் தொற்றியது. 15 மீட்டர் தள்ளி இருந்தவர்கூடத் தப்பவில்லை. அதே ஆண்டு மார்ச்சில், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் இரண்டரை மணி நேரப் பாடல் பயிற்சிக்கு ஒருவர் நோயோடு வந்தார். வந்திருந்த 61 பேரில், அவரையும் சேர்த்து, உறுதியானதும் சந்தேகமானதுமாக 53 பேர் நோயாளிகளானார்கள். இருவர் இறந்துபோனார்கள்.

உங்கள் கோயிலைச் சோதிக்க வேண்டுமா? சாம்பிராணி போட்டுவிட்டுப் புகையைப் பாருங்கள். அது கலையாமல் மண்டி நிற்கிற இடத்தில் ஆட்களின் மூச்சும் அப்படித்தான் நிற்கும்.

எதிரெதிர் யன்னல்களைத் திறந்து வையுங்கள். சாரலுக்கு வெளியே தகரத்தில் ஒரு சார்ப்பு இறக்கலாம். ஃபேனை யன்னலோரம் வைத்து வெளிப்பக்கம் திருப்புங்கள். பாட்டைக் குறையுங்கள், ஒருவர் பாட மற்றவர்கள் கேட்டாலும் அது செபம்தான். மழை இல்லாத நாளில் காலை ஆறரைக்கே மரத்தடியில் பூசையை வையுங்கள். "கோயிலுக்குள்ளே வைத்தால்தான் பூசை" என்று பெரியவர்கள் மறுத்தால் மடு மாதா கோயிலை நினைவுபடுத்துங்கள். ஆவணித் திருவிழாவில் வெட்டவெளியில் பூசை கண்டு வளர்ந்த சனம் நாங்கள்.

வெப்பமானியை நம்புவது

காய்ச்சல் காய்வதற்கு முதலே கொரோனா பரவத் தொடங்கிவிடும். நெற்றியில் பிடித்துப் பார்த்து "சரி, உள்ளே போங்கோ" என்றதும் சனம் முகக்கவசத்தைக் கழற்றிவிடுகிறது. அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

நற்கருணை

நாவில் வேண்டாம், கையில் மட்டும் கொடுங்கள்.

சமாதானம் சொல்வது

கை கொடுக்க வேண்டாம், கும்பிட்டால் போதும்.

பூசை முடிந்த பிறகு

உள்ளே ஒழுங்காக இருந்த அதே சனம், மழை விடும்வரை வாசலில் நெருக்கியடித்துக் கதைத்துக்கொண்டு நிற்கும். பின்வாங்கிலிருந்து ஒவ்வொரு வரிசையாக வெளியே விடுங்கள். தேத்தண்ணி கொஞ்ச நாளைக்கு வேண்டாம். அப்புறம், வயதானவர்களை ஏற்றிவரும் வான். ஏசியைப் போட்டுக் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஓடினால், யன்னல் சாத்திய கோயிலைவிட அது மோசம். கண்ணாடியை இறக்கச் சொல்லுங்கள். நனையாமல் இருக்க ஒரு துவாய் போதும்.

பெயர்ப் பதிவு

வந்தவர்களின் பெயர், தொலைபேசி இலக்கம், இருந்த வாங்கு, மூன்றையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) கேட்கும்போது ஊர் முழுக்க விசாரித்துத் திரியாமல் உடனே எடுத்துக் கொடுக்கலாம்.