‘டிவவர்’: அள்ளி விழுங்குவதை ஆங்கிலத்தில் சொல்லும் முறை

பசியில் ஒருவர் பரபரவென்று சாப்பிட்டதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும் என்றால், ‘ஈட்’ என்ற சொல்லோடு ‘ஃபாஸ்ட்’டைச் சேர்த்து ஒப்பேற்றிவிடுகிறோம். பிழை இல்லை, உப்புச் சப்பும் இல்லை. தமிழில் அள்ளி விழுங்கினான், ஒரு பிடி பிடித்தான், வெளுத்துக் கட்டினான் என்று எத்தனை விதமாகச் சொல்கிறோம்! ஆங்கிலத்திலும் அப்படிச் சில வினைச்சொற்கள் உண்டு. அவற்றில் ‘டிவவர்’ என்ற ஒன்றை மட்டும் இங்கே முழுதாகப் பழகிக்கொள்வோம்.

படி 1: உச்சரிப்பு

எழுத்துகள் டி, இ, வி, ஓ, யு, ஆர். முடிவில் ‘ஃபோர்’ என்ற எண்ணில் வரும் அதே எழுத்துகள் இருப்பதால் ‘டிவோர்’ என்று படிக்கத் தோன்றும். அது தவறு. ‘பவர் கட்’டில் வரும் பவரோடு சேர்த்துச் சொல்லிப் பாருங்கள்: பவர், டிவவர். அழுத்தம் ‘வ’வில் விழ வேண்டும், ‘டி’யில் அல்ல. இறந்தகாலம் ‘டிவவர்ட்’. ‘டிவவரெட்’ என்று இழுக்க வேண்டாம்.

‘கலர்’ என்ற சொல்லில் யு எழுத்தை அமெரிக்கர்கள் விட்டுவிடுவார்கள் அல்லவா? இந்தச் சொல்லில் அவர்களும் விடுவதில்லை. எந்த நாட்டுக்கு எழுதினாலும் ஒரே எழுத்துக்கூட்டல்தான்.

படி 2: பொருள்

பள்ளி அறிவியலில் ஊனுண்ணிக்குக் ‘கார்னிவோர்’, தாவர உண்ணிக்கு ‘ஹெர்பிவோர்’ என்று படித்திருப்பீர்கள். அந்த ‘வோர்’ வருவது, விழுங்குதல் என்று பொருள்படும் ‘வொராரே’ என்ற லத்தீன் வினையிலிருந்து. டிவவரும் அதே குடும்பம்தான்.

சாப்பிடும்போது இரண்டு விஷயங்கள் இருந்தால் டிவவர் பொருந்தும். ஒன்று ஆவல் அல்லது பசி, இன்னொன்று தட்டு காலியாவது. பாதி தோசையை அவசரமாகத் தின்றுவிட்டு மீதியை வைத்துவிட்டு ஓடினால் ‘அந்தத் தோசையை டிவவர் செய்தான்’ என்று சொல்வது சரிப்படாது. தமிழில் ‘கபளீகரம்’ மிக நெருங்கி வருகிறது. ஆனால் அதை இப்போது பெரும்பாலும் நில அபகரிப்புச் செய்திகளில்தான் பார்க்கிறோம், டிவவரில் அத்தனை வில்லத்தனம் இல்லை.

படி 3: ‘எதை?’ என்பதை விடாதீர்கள்

தொடக்கக்காரர்கள் அதிகம் சறுக்கும் இடம் இதுதான். ‘செம பசி, அள்ளி விழுங்கிவிட்டேன்’ என்றால் தமிழில் யாரும் எதை என்று கேட்க மாட்டார்கள். ஆங்கிலத்தில் ‘ஐ வாஸ் ஹங்ரி, ஸோ ஐ டிவவர்ட்’ என்று நிறுத்தினால் வாக்கியம் அந்தரத்தில் தொங்கும். ‘ஐ டிவவர்ட் த பிரியாணி’ என்று செயப்படுபொருளைச் சொல்லியாக வேண்டும். முன்பே பேசிய பொருள் என்றால் ஒரு ‘இட்’டாவது போடுங்கள். ‘ஈட்’டுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. ‘ஐ ஹேவ் ஈட்டன்’ முழு வாக்கியம்தான். ஆக்ஸ்ஃபோர்டின் கற்போர் அகராதியைத் திறந்தால் இந்த வினையை அடுத்து ‘சம்திங்’ என்று போட்டிருக்கும், அதன் பொருள் இதுதான்.

‘க்விக்லி’, ‘ஃபாஸ்ட்’ போன்ற சொற்களை ஒட்டவும் வேண்டாம். வேகம் வினைக்குள்ளேயே இருக்கிறது. தண்ணீர், மோர், காபிக்கும் இது ஒத்துவராது. அங்கே ‘கல்ப் டவுன்’ போடலாம்.

படி 4: யாரிடம் சொல்லலாம்?

‘த கிட்ஸ் டிவவர்ட் த கேக்’ என்றால் கேக் செய்தவருக்குப் பாராட்டு. அதே வினையை மேலதிகாரியைப் பார்த்து, ‘யூ டிவவர்ட் யுவர் லன்ச்’ என்று பயன்படுத்தினால் முகம் மாறிவிடும், ஏனென்றால் இந்தச் சொல்லில் கொஞ்சம் மிருக வாசனை உண்டு. சிங்கம் இரையைத் தின்பதற்கும் இதே வினைதான். விருந்தாளியைச் சாப்பிடச் சொல்லும்போது ‘ப்ளீஸ் டிவவர்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்!

படி 5: சாப்பாடு இல்லாத இடங்கள்

எனக்கு இந்தச் சொல் பிடித்துப்போனதற்குக் காரணமே இந்தப் பகுதிதான். ‘ஷி டிவவர்ட் த நாவல்’ என்றால் நாவலை ஒரே மூச்சில் படித்து முடித்தாள். நாம் மூச்சைக் கணக்கு வைக்கும் இடத்தில் அவர்கள் வாயை வைக்கிறார்கள். தீ விஷயத்தில் இரண்டு மொழிகளும் ஒத்துப்போகின்றன: ‘ஃப்ளேம்ஸ் டிவவர்ட் த ஹவுஸ்’, வீடு தீக்கு இரையானது. பொறாமை, குற்ற உணர்ச்சி என்று வந்தால் பெரும்பாலும் செயப்பாட்டு வினை: ‘ஹி வாஸ் டிவவர்ட் பை ஜெலஸி’. பொறாமை அவனை அரித்துத் தின்றது. இங்கே ‘பை’ என்ற முன்னிடைச்சொல் முக்கியம், ‘வித்’ போடக் கூடாது.

படி 6: அக்கம்பக்கத்துச் சொற்கள்

‘காபில்’ என்றால் மெல்லாமல் கொள்ளாமல் லபக் லபக்கென்று தின்பது. வான்கோழியின் சத்தத்துக்கும் இதே சொல் உண்டு. ‘வுல்ஃப் டவுன்’ ஓநாயிடமிருந்து வந்தது. பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் விழுங்குவதற்குப் பொருத்தமானது. இதில் ‘இட்’ நடுவில்தான் உட்காரும்: ‘வுல்ஃப் இட் டவுன்’. ‘கார்ஜ் ஆன்’ வேகத்தைவிட அளவைச் சொல்வது, வயிறு முட்டத் தின்பது. பேச்சு வழக்கில் பிரிட்டனில் ‘ஸ்காஃப்’ என்பார்கள், அமெரிக்காவில் ‘ஸ்கார்ஃப்’. இரண்டுமே தேர்வுத்தாளில் வேண்டாம்.

படி 7: பயிற்சி

இந்த மூன்றையும் ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள்.

அ. நாய் மொத்த இறைச்சியையும் விழுங்கிவிட்டது.
ஆ. காட்டுத்தீ கிராமத்தை விழுங்கியது.
இ. பாட்டி மெதுவாகக் கஞ்சி குடித்தாள்.

முதலாவது ‘த டாக் டிவவர்ட் ஆல் த மீட்’. இரண்டாவது ‘த வைல்ட்ஃபயர் டிவவர்ட் த வில்லேஜ்’. மூன்றாவதில் டிவவருக்கு வேலையே இல்லை, ‘ஸ்லோலி’யோடு ‘ஏட்’ போதும்.