எடை ஒன்று, குணம் வேறு: கிளர்வுற்ற ஆக்சிஜன் அயனியை அளக்கும் முறை

அதிராமல் இருக்கும் ஆக்சிஜன் மூலக்கூறு அயனிக்கும் அதிர்ந்துகொண்டிருக்கும் அயனிக்கும் நிறை ஒன்றுதான்: 32. அயனிகளை நிறைவாரியாகப் பிரித்து எண்ணும் நிறைமானி இரண்டையும் ஒன்றாகவே எண்ணும். இந்த அளவீட்டின் பாதித் தலைவலி இதுதான். அதிரும் அயனி மீத்தேனிடம் எவ்வளவு வேகமாக அழிகிறது என்று பார்ப்போம்.

முதலில், ஏறத்தாழ ஒரு மீட்டர் நீள ஓட்டக்குழாயில் அரை டார் (அழுத்த அலகு) அழுத்தத்தில் ஹீலியத்தை ஓடவிடுங்கள். ஹீலியம் அதிர்வை எளிதில் பறிக்காது. அயனிகளை வெளியே உண்டாக்கி, குவாட்ரப்போல் என்னும் நிறை வடிகட்டியால் 32-ஐ மட்டும் பிரித்து உள்ளே செலுத்துங்கள். ஆடம்ஸும் ஸ்மித்தும் 1970-களில் பர்மிங்காமில் உருவாக்கிய ‘சிஃப்ட்’ (தேர்ந்த அயனி ஓட்டக்குழாய்) முறை இது.

அடுத்து, கொஞ்சம் ஆர்கான் விட்டுப் பாருங்கள். நிறை 40-இல் ஆர்கான் அயனி தெரிந்தால், ஆர்கானிடமிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கும் அளவுக்கு எலக்ட்ரான் நிலையிலேயே கிளர்வுற்ற அயனிகளும் கலந்திருக்கின்றன. அயனி மூலத்தின் எலக்ட்ரான் ஆற்றலை 16 எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழே இறக்கினால் அவை மறையும். பிறகு ஆர்கானை நிறுத்திவிடலாம்.

இனி உளவாளி: செனான். அயனியாக்க ஆற்றல் ஆக்சிஜனுக்கு 12.07, செனானுக்கு 12.13 எலக்ட்ரான் வோல்ட். குறை 0.06 மட்டுமே, ஓர் அதிர்வுப் படியோ சுமார் 0.23. ஆகவே அதிரும் அயனி செனானிடமிருந்து எலக்ட்ரானைத் தாராளமாகப் பிடுங்கும்; அப்படி உண்டாகும் செனான் அயனியே அதிரும் அயனி எவ்வளவு மிஞ்சியது என்று சொல்லும். அதிராததற்கு அது கடினம். ஆனாலும் அறை வெப்பத்தில் சிறு கசிவு இருக்கும். குழாயின் தலைப்பில் ஆக்சிஜன் வாயுவைச் சேர்த்து அதிர்வை அடக்கிவிட்டு அந்தப் பின்னணியை எண்ணிக் கழித்துவிடுங்கள். செனானை, அயனிகள் நிறைமானிக்குள் நுழையும் முனைத்துளைக்குச் சற்று முன்பாக, மாறா அளவில் விட வேண்டும்.

இப்போது மேல்பக்கத்தில் மீத்தேனைப் படிப்படியாகக் கூட்டி, 129, 132 நிறைகளில் செனான் அயனியை எண்ணுங்கள். வால்வைத் திருப்பியதும் எண்ணத் தொடங்கி ஒரு நாள் அளவீட்டையே வீணாக்கியவன் நான், ஓட்டம் நிலைப்படட்டும்.

எண்ணிக்கையின் இயல் மடக்கையை மீத்தேன் செறிவுக்கு எதிராக வரையுங்கள். சாய்வை வினைநேரத்தால் வகுத்தால் வேக மாறிலி. கணக்குக்கு ஓர் உதாரணம்: நேரம் 5 மில்லிவினாடி, கன செ.மீ.-க்கு 2×10¹¹ மூலக்கூறுகளில் எண்ணிக்கை பாதியானால், 0.693-ஐ நேரம், செறிவு ஆகியவற்றின் பெருக்கலால் வகுக்க 6.9×10⁻¹⁰ கன செ.மீ./வினாடி வரும். கோடு வளைந்தால், வெவ்வேறு வேகத்தில் அழியும் அதிர்வு நிலைகள் கலந்திருக்கின்றன என்று சந்தேகியுங்கள்.

இந்த எண்ணில் வினையும், மோதலில் அதிர்வை மட்டும் இழக்கும் வெறும் தணிவும் சேர்ந்தே இருக்கும். பிரிக்க வேண்டுமானால் நிறை 47-ஐப் பாருங்கள்: மீத்தேனுடன் சேர்ந்து ஒரு ஹைட்ரஜனை உதிர்த்த அயனி அது. அதிர்வை அடக்கிய ஓட்டத்திலும் அடக்காத ஓட்டத்திலும் அது எவ்வளவு வளர்கிறது என்று ஒப்பிட்டால், எந்தப் பங்கு உண்மையான வினை என்று பிடிபடும்.