ஆற்றங்கரை நடைபாதைப் பணிக்கு உதவுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காவிரி டெல்டாவில் மலைப்பாதைகள் இல்லை; நெடுந்தூரம் நடக்க விரும்புவோருக்கு இங்கே வாய்த்தவை ஆற்றுக்கரைகளும் வாய்க்கால் கரைகளுமே. கொள்ளிடத்திலும் வெண்ணாற்றிலும் கல்லணைக் கால்வாயிலும் முள் வெட்டிப் பாதையைப் பேண முன்வரும் தன்னார்வலர்களுக்குத் துணைநிற்போர், கரை என்பது முதலில் வெள்ளத்தைத் தடுப்பதற்கே என்பதை மறந்துவிடும்போதுதான் பெரும்பாலான தவறுகள் நேர்கின்றன.

அவற்றுள் மோசமானது, கரையை மொட்டையாக்குவது. நாணலையும் அருகம்புல்லையும் வேரோடு களைந்த கரை புகைப்படத்தில் அழகாக இருக்கும். ஐப்பசி மழையில் அதே சரிவு தாரை தாரையாக அரித்துப் போகும். ஆள் நடக்கும் அகலத்திற்கு மட்டும் புல்லை அறுத்து, சரிவில் உள்ளதை அப்படியே விட வேண்டும். சீமைக் கருவேலத்தை அடியோடு வெட்டினாலும் மீண்டும் துளிர்க்கும் என்பதால் பொக்லைன் வைத்துப் பிடுங்குகிறார்கள். பிடுங்கிய குழியை ஈரமண்ணால் அடுக்கடுக்காக நிரப்பித் திமிசுக்கட்டையால் இடிக்காவிட்டால், கரை உடைவதற்கு அந்தக் குழியே வழிவிடும்.

பருவம் பார்க்காமல் வேலை தொடங்குவதும் தவறு. கோடை விடுமுறையில் ஆட்கள் கிடைப்பார்கள் என்றாலும் அப்போது களிமண் வெடித்துக் கட்டியாகிக் கிடக்கும், இட்ட மண் இறுகாது. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடப்படுவதால், நீர் வடிந்தும் மண்ணில் ஈரம் மிஞ்சியும் இருக்கும் மாசியே ஏற்ற காலம்.

பாதையில் தேங்கும் நீருக்கு வடிய வழிவிடாமல் கட்டட இடிபாடுகளைக் கொட்டுவதால் பயனில்லை. நடப்பவர்கள் சேற்றைச் சுற்றிப் போகப் போகப் பாதை அகன்று, கரையின் விளிம்பு சரியும். பாதைக்குச் சற்றே சாய்வு கொடுத்தால் போதும்.

கரைகள் நீர்வளத்துறையின் பொறுப்பில் இருப்பவை; எழுத்துப்பூர்வ அனுமதி இன்றி மண்ணில் கை வைக்கக் கூடாது. 1967 முதல் சரணாலயமாக உள்ள கோடியக்கரையில் வனத்துறையைக் கேளாமல் கிளையைக்கூட வெட்ட இயலாது.

பணம் தருவோர் பெரும்பாலும் பெயர்ப்பலகைக்கும் பனியனுக்கும் தருகிறார்கள். பனியன் முள் வெட்டுவதில்லை. அரிவாள் தீட்டும் கூலி, தடித்த கையுறை, குடிநீர், பாம்புக்கடி நேர்ந்தால் மருத்துவமனைக்குச் செல்ல ஒரு வண்டி ஆகியவையே உண்மையில் தட்டுப்பாடாக இருப்பவை. தொடக்க நாளுக்கு மொத்தத்தையும் செலவிடாமல், மழை ஓய்ந்தபின் அரிப்பைச் சரிசெய்ய ஒவ்வோர் ஆண்டும் வேண்டிய கூலிக்கும் மண்ணுக்கும் ஒரு பகுதியை ஒதுக்குமாறு சொல்லியே நன்கொடையைத் தரலாம்.