சுகர்காரர்கள் கண்ணையும் கிட்னியையும் சேர்த்துப் பார்ப்பது எப்படி?

கண் டாக்டர் ஃபைல் ஒரு பையில், சுகர் டாக்டர் ஃபைல் இன்னொரு பையில். பல வீடுகளில் இதுதான் நிலைமை. சுகர் கெடுப்பதோ இரண்டு இடத்திலும் ஒரே பொருளை: முடியைவிட மெல்லிய ரத்த நாளங்களை. விழித்திரையில் அவை கசிந்தால் பார்வை மங்கும். சிறுநீரகத்தில் கசிந்தால் அல்புமின் என்ற புரதம் சிறுநீரில் இறங்கும். கத்தி வைக்காமல் இந்த நாளங்களைக் கண்ணால் பார்க்க விழித்திரையில் வழி இருக்கிறது. அதனால்தான் கண் ரிப்போர்ட் கிட்னிக்கும் துப்பு சொல்கிறது.

டைப் 2 என்றால் சுகர் தெரிந்தவுடனேயே இரண்டு பரிசோதனையும் செய்ய வேண்டும். எத்தனை வருஷமாக உள்ளே இருந்ததோ யாருக்குத் தெரியும். டைப் 1 என்றால் சுகர் தெரிந்து 5 வருஷத்துக்குள் கண், 5 வருஷம் ஆனதும் யூரின். பிறகு வருஷத்துக்கு ஒருமுறையாவது.

லேபில் 'யூரின் ரொட்டீன்' மட்டும் கொடுத்துவிட்டு, அல்புமின் 'நில்' என்று வந்ததும் நிம்மதியாகிவிடாதீர்கள். ஆரம்பக் கசிவு அதற்கு லேபில் நனைத்துப் பார்க்கும் பட்டையில் தெரியாது. 'யூரின் அல்புமின் கிரியாட்டினின் ரேஷியோ' என்று கேட்டுக் கொடுங்கள். காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீர். முதலில் கொஞ்சம் விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடியுங்கள். ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு அல்புமின் 30 மில்லிகிராமுக்குக் கீழே என்றால் நல்லது, 30 முதல் 300 வரை எச்சரிக்கை, அதற்கு மேல் கசிவு அதிகம். காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, மாதவிடாய், முந்தின நாள் கடுமையான உடற்பயிற்சி இவையெல்லாம் எண்ணைப் பொய்யாக ஏற்றும். எனவே ஒரு ரிப்போர்ட்டை வைத்து முடிவுகட்டாமல், 3 முதல் 6 மாதத்தில் எடுத்த மூன்றில் இரண்டிலாவது கூடுதலாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

கூடவே ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவின் அளவையும் பாருங்கள். அந்த எண்ணோடு நிற்காமல், கிட்னியின் வடிகட்டும் திறனைச் சொல்லும் இ.ஜி.எஃப்.ஆர். கணக்கையும் கேளுங்கள். 65 வயதுப் பெண்ணுக்கு கிரியாட்டினின் 1.2 என்றால் 'கொஞ்சம்தானே கூட' என்று தோன்றும். கணக்குப் போட்டால் வடிகட்டும் திறன் 50 பக்கம்தான் வரும். 60-க்குக் கீழே மூன்று மாதம் தொடர்ந்தால் அது சிறுநீரக நோய்.

கண்ணாடி பவர் பார்ப்பது கண் பரிசோதனை ஆகாது. சொட்டு மருந்து விட்டு, 20-30 நிமிஷம் கழித்துக் கண் பாப்பா விரிந்த பிறகு விழித்திரையைப் பார்க்க வேண்டும். அதன்பின் சில மணி நேரம் கூசும், கிட்டப் பார்வை மங்கும். பைக் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். கையில் சாயம் ஏற்றி விழித்திரையைப் படமெடுக்கும் ஆஞ்சியோகிராமுக்குக் கிட்னிக்காரர்கள் பயப்படுவதுண்டு. அந்தச் சாயம் ஃப்ளூரசின், சி.டி. ஸ்கேனில் போடும் அயோடின் சாயம் அல்ல. ஆனாலும் கிட்னிப் பிரச்சினை இருப்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சிறுநீர் ஒரு நாள் மஞ்சளாகப் போகும், அன்று யூரின் டெஸ்ட் மட்டும் வேண்டாம். விழித்திரையை அடுக்கடுக்காகப் படமெடுக்கும் ஓ.சி.டி. ஸ்கேனுக்குச் சாயமே கிடையாது.

இப்போது இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டிலும் கோளாறு என்றால் சுகர்தான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். கண் சுத்தமாக இருக்க, புரதம் மட்டும் எக்கச்சக்கமாகப் போகிறதா? சிறுநீரில் ரத்தமும் இருக்கிறதா? வேறு சிறுநீரக நோயாக இருக்கலாம். கிட்னி டாக்டர் (நெஃப்ராலஜிஸ்ட்) பயாப்ஸி, அதாவது கிட்னியில் துளி சதை எடுத்துச் செய்யும் சோதனை, கேட்கக்கூடும். டைப் 1-ல் இந்தப் பொருத்தமின்மை மிக அபூர்வம். டைப் 2-ல் கண் கெடாமலே கிட்னி கெடுவதும் உண்டு, எனவே கண் நன்றாக இருக்கிறது என்று யூரின் டெஸ்ட்டைத் தள்ளிப்போடக் கூடாது.

டெல்மிசார்ட்டன், ராமிப்ரில் போன்ற பிரஷர் மாத்திரை தொடங்கினால் 2 முதல் 4 வாரத்துக்குள் கிரியாட்டினினும் பொட்டாசியமும் பாருங்கள். கிரியாட்டினின் 30 சதவீதத்துக்குள் ஏறினால் பொதுவாக மருந்தை நிறுத்த மாட்டார்கள். பயந்து நீங்களாக நிறுத்தாதீர்கள். மூட்டுவலிக்குக் கடையில் வாங்கும் டைக்ளோஃபெனாக்கைத்தான் நிறுத்த வேண்டும். நீண்ட நாள் எகிறிக் கிடந்த சுகரை மளமளவென்று இறக்கினால் விழித்திரை தற்காலிகமாக மோசமாகலாம். இன்சுலின் தொடங்குமுன் கண்ணைக் காட்டிவிடுங்கள்.

'சுகர் தானாகவே குறைந்துவிட்டது' என்ற சந்தோஷம் சந்தேகத்துக்குரியது. கிட்னி தளர்ந்தால் இன்சுலின் உடலில் நெடுநேரம் தங்கும். டோஸைக் குறைக்காவிட்டால் இரவில் லோ சுகர் ஆகும்.

கண்முன் கறுப்புப் புள்ளிகள் திடீரென்று மிதந்தாலோ, திரை விழுந்தது போல் மறைத்தாலோ அன்றே கண் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டயாலிசிஸ் செய்பவராக இருந்தால் அந்த யூனிட்டிலும் சொல்லுங்கள். கண்ணுக்குள் ரத்தம் கசிந்திருக்கலாம், அங்கேயோ ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் என்ற மருந்தைப் போடுகிறார்கள்.