சின்ன மரைன் டேங்க்ல எந்த மீனோட எந்த மீன் ஒத்துப்போகும்

80லேர்ந்து 100 லிட்டர் வரைக்கும் உப்புத்தண்ணி டேங்க் வச்சிருக்கறவங்களுக்காக எழுதறேன். நல்ல தண்ணி டேங்க்ல பத்து பதினஞ்சு மீன் விட்டுப் பழகினவங்க இங்கயும் அதே கணக்குல போயிடறாங்க, தயவுசெஞ்சு அப்படிப் பண்ணாதீங்க. இந்த சைஸுக்கு மூணு மீன், மிஞ்சிப் போனா நாலு, அவ்ளோதான். கடல் மீன்ல நிறைய வகை ஒரு இடத்தப் புடிச்சிட்டா வேற யாரையும் கிட்ட விடாது. கடல்ல தோத்த மீன் வேற பாறைக்குப் போயிடும், நம்ம டேங்க்ல எங்க போகும்? மூலையில ஒதுங்கி, சாப்பிடாம, துடுப்பு கிழிஞ்சு, கொஞ்ச நாள்ல செத்தே போயிடும்.

அதனால கலர் அப்புறம், முதல்ல இந்த மீன் டேங்க்ல எந்த இடத்துல இருக்கும்னு பாருங்க, மணல்லயா, பாறைப் பொந்துலயா, நடுத்தண்ணியிலயா. ஒரு இடத்துக்கு ஒரு ஆள், இல்லன்னா ஒரு ஜோடி, இதுதான் என் கணக்கு.

நடுத்தண்ணிக்கு ஒசெல்லாரிஸ் க்ளவுன் மீன் ஜோடி. ஒரே சைஸ்ல ரெண்டு வாங்காம ஒண்ணு பெருசா ஒண்ணு சின்னதா, ரெண்டையும் குட்டியாவே வாங்குங்க. க்ளவுன் எல்லாமே முதல்ல ஆணாதான் வளரும், ஜோடியில பெருசா இருக்கறது பெண்ணா மாறும், அதனால ஏற்கனவே பெண்ணா மாறின ரெண்ட சேத்து விட்டா சண்டைதான். புதுசா விட்டதும் பெருசு துரத்தும், சின்னது அது முன்னாடி போய் உடம்பச் சாச்சு வெடவெடன்னு நடுங்கும், பாக்கறவங்க மீனுக்கு ஏதோ நோய்னு பதறிடுவாங்க. பயப்பட ஒண்ணுமில்ல, நான் உனக்கு அடங்கினவன்னு அது சொல்ற விதம் அது, அதப் பாத்தாலே ஜோடி செட் ஆகுதுன்னு அர்த்தம். க்ளவுன் கடல்ல ஒளிஞ்சு வாழற பூ மாதிரியான அனிமோன்ங்கற உயிரி கட்டாயம் இல்ல. மெரூன் க்ளவுன் மட்டும் வேண்டவே வேண்டாம், பெருசாவும் வளரும், பயங்கர முரட்டு மீன்.

மணலுக்கு யெல்லோ வாட்ச்மேன் கோபி. கூடவே பிஸ்டல் ஷ்ரிம்ப்ங்கற இறால் ஒண்ணு கிடைச்சா விட்டுப் பாருங்க, அதுக்குக் கண்ணு சரியாத் தெரியாது, ஆனா நாள் பூரா மண்ணத் தள்ளி வளை தோண்டிக்கிட்டே இருக்கும், கோபி வாசல்ல காவல் நிக்கும். இறால் வெளிய வரும்போது ஒரு மீசைய கோபி மேல தொட்டபடியேதான் வரும், ஆபத்துன்னா கோபி வால ஒரு உதறு உதறும், ரெண்டும் சட்டுன்னு உள்ள போயிடும். ஒரு முக்கியமான விஷயம், பாறைய மணல் மேல வைக்காம டேங்க் அடித்தளத்துல நேரா உக்கார வச்சு அப்புறம் மணல் போடுங்க, இல்லன்னா இறால் அடியில தோண்டத் தோண்ட பாறை சரிஞ்சிடும்.

பொந்துக்கு ராயல் கிராமா. முன்பாதி ஊதா, பின்பாதி மஞ்சள், பாறைக்கு அடியில தலைகீழா நீந்தும், அது அதோட பழக்கம்தான். அடுத்தவன் கிட்ட வந்தா வாயப் பெருசாத் திறந்து காட்டும், பெரும்பாலும் அதோட நிறுத்திக்கும். இதே கலர்ல ராயல் டாட்டிபேக்னு ஒண்ணு விப்பாங்க, அது நிஜமாவே அடிக்கும், மாத்தி வாங்கிடாதீங்க, ரெண்டையும் சேத்தும் விடாதீங்க. பொதுவாவே உருவமோ கலரோ ஒத்துப்போற மீன்களுக்குள்ளதான் சண்டை அதிகம். கிராமா வேண்டாம்னா ஃபயர்ஃபிஷ் விடலாம், ரொம்ப சாது, ஆனா பயந்தா வெளிய குதிச்சிடும், வலை மூடி இல்லாம வாங்காதீங்க.

வேண்டாத லிஸ்ட்ல முதல் ஆள் டாம்சல். விலை கம்மி, சாகவும் சாகாதுன்னு புதுசா ஆரம்பிக்கறவங்க தலையில கட்டிடுவாங்க, வளர்ந்ததும் டேங்க்ல மத்த யாரையும் நிம்மதியா இருக்க விடாது, பாறை எல்லாத்தையும் வெளிய எடுக்காம அதப் புடிக்கவும் முடியாது. ப்ளூ டாங் 30 சென்டிமீட்டர் வரைக்கும் வளர்ற மீன், சின்ன டேங்க்ல விடறது பாவம். மாண்டரின் அழகுதான், ஆனா பெரும்பாலும் பாறையில ஊர்ற கோப்பிபாட்ங்கற பொடிப்பொடி உயிரிகளத்தான் தின்னும், சின்ன டேங்க்ல அது தீந்துபோய் பட்டினியில சாகும். லயன்ஃபிஷ் வாய்க்குள்ள போற சைஸ்ல எது இருந்தாலும் முழுங்கிடும்.

விடற வரிசையும் முக்கியம். மீனுக்கு விஷமான அம்மோனியா, நைட்ரைட் ரெண்டும் டெஸ்ட்ல ஜீரோ வந்து, உப்பு அளவு (ஸ்பெசிஃபிக் கிராவிட்டி) 1.025, சூடு 25-26 டிகிரின்னு நிலையா நின்னப்புறம் சாதுவ முதல்ல விடுங்க, கோபி, அப்புறம் கிராமா, கடைசியா க்ளவுன், நடுவுல ரெண்டு மூணு வாரம் இடைவெளி. வாங்கும்போது கடைக்காரர இரை போடச் சொல்லி அது சாப்பிடறத கண்ணால பாத்துட்டு வாங்குங்க, வயிறு ஒட்டி இருந்தா வேண்டாம். மெயின் டேங்க்ல விடறதுக்கு முன்னாடி நாலு வாரம் தனித் தொட்டியில வச்சிருங்க. வெள்ளைப்புள்ளி நோய் வந்தா காப்பர் மருந்த அந்தத் தொட்டியிலதான் போடணும், மெயின் டேங்க்ல போட்டா இறால் செத்துடும்.

விட்டப்புறம் லைட்ட அணைச்சிடுங்க. முதல் ரெண்டு நாள் லேசா துரத்தறது சகஜம். துடுப்பு கிழியுதுன்னாலோ, ஒண்ணு இரைக்கே வெளிய வரலன்னாலோ பாறைய இடம் மாத்தி அடுக்குங்க, பழைய எல்லை கலைஞ்சிடும். அப்பவும் அடங்கலன்னா அடிக்கற மீன ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டப்பாவுல போட்டு அதே டேங்க்ல ஒரு வாரம் தொங்க விடுங்க, அடி வாங்கினது அதுக்குள்ள தனக்குன்னு ஒரு இடம் புடிச்சுக்கும். அதுக்கும் சரிப்படலன்னா ரெண்டுல ஒண்ண கடையிலயே திருப்பிக் கொடுத்துடுங்க.